புடவை ஒரு நிறம், படம் ஒரு நிறம்: போட்டோவிலும் வெப்சைட்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தி.நகரில் பட்டுப்புடவை எடுக்கப் போகும் நம் வீட்டுப் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும், பிடித்த புடவையைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு வந்துவிடுவார்கள். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை விரித்துப் பார்த்த பிறகுதான் பில் போடச் சொல்வார்கள். கடை விளக்கில் கொஞ்ச நேரம் நின்றால் கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிவிடும், பழகிய கண்ணை நம்பி நிறத்தை முடிவு செய்யக்கூடாது என்பது அவர்களுக்கு அனுபவத்தில் தெரியும்.

ஃபோனிலோ கம்ப்யூட்டரிலோ படத்துக்கு நிறம் திருத்த உட்காரும்போது நாம் இதை மறந்துவிடுகிறோம். என் அக்கா மேற்கு மாம்பலத்தில் வீட்டில் இருந்தபடியே புடவை விற்கிறாள். படம் எடுப்பதும் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. ஆரம்பத்தில் திரும்பி வந்த புடவைகளில் பெரும்பாலானவை நிறத்தால்தான் திரும்பின. நெசவில் குறை இல்லை, விலையில் பேச்சு இல்லை. படத்தில் பார்த்த நிறம் வேறு, கைக்கு வந்த நிறம் வேறு, அவ்வளவுதான். அந்தப் படங்களை எடுத்தவனும் திருத்தியவனும் நான் என்பதால் சொல்கிறேன்.

மஞ்சள் திரையில் மஞ்சளைத் திருத்துவது

ஆடித் தள்ளுபடி சமயம் அது. இரவு 11 மணிக்கு மேல் உட்கார்ந்து முப்பது நாற்பது படங்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் ஒரு வெந்தய நிறப் புடவை திரையில் ரொம்பவே மஞ்சளாகத் தெரிந்தது. நிறத்தைக் கொஞ்சம் நீலப் பக்கம் நகர்த்தினேன். இன்னும் மஞ்சளாகவே பட்டது. மறுபடி நகர்த்தினேன். இப்போது சரி என்று தோன்றியதும் அப்படியே ஏற்றிவிட்டேன். இரண்டு நாள் கழித்துப் புடவையை வாங்கிய அம்மா ஃபோன் செய்தார்: "படத்துல சந்தனக் கலரா இருந்துச்சேப்பா, இது வெந்தயமால்ல இருக்கு."

காலை வெளிச்சத்தில் அந்தப் படத்தைத் திறந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. இருட்டியதும் தானாக நைட் மோடுக்கு மாறும்படி ஃபோனில் வைத்திருந்தேன். கண் கூசாமல் இருக்க அது திரையின் நீலத்தைக் குறைத்து எல்லாவற்றையும் மஞ்சளாக்கிவிடும். திரையின் மஞ்சளைப் புடவையின் மஞ்சள் என்று நினைத்து, இல்லாத குறையைத் திருத்தியிருக்கிறேன்.

ஆகவே நிறத்தைத் தொடுவதற்கு முன் நைட் மோடை நிறுத்துங்கள். பல ஆண்ட்ராய்டு ஃபோன்களின் டிஸ்ப்ளே செட்டிங்கில் ‘விவிட்’, ‘நேச்சுரல்’ என்று இரண்டு வகை இருக்கும். விவிடில் எந்த நிறமும் தூக்கலாகத் தெரியும். அதை நம்பித் திருத்தினால் மற்றவர்கள் ஃபோனில் படம் சோகையாக இருக்கும். திருத்தும் நேரத்துக்கு மட்டுமாவது நேச்சுரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து படத்துக்கு ஒருமுறை எழுந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு வாருங்கள். திரும்பி வந்து உட்காரும் முதல் இரண்டு நொடியில் படம் எப்படித் தெரிகிறதோ, அந்தப் பார்வையைத்தான் நான் நம்புகிறேன்.

இரண்டு வெளிச்சத்தை ஒரே படத்தில் கலப்பது

இதுதான் எல்லாவற்றுக்கும் மூலம். எடுக்கும்போது வெளிச்சம் கெட்டுவிட்டால் பிறகு எந்த ஆப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது.

வெளிச்சத்தின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள். பழைய குண்டு பல்பு சுமார் 2700, நடுப்பகல் வெயில் சுமார் 5500, நிழலான இடத்தில் விழும் வான வெளிச்சம் 7000-ஐத் தாண்டும். எண் ஏற ஏற நீலம் கூடும். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் செய்வது ஒரே வேலைதான்: இதில் ஏதாவது ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு, படம் முழுவதையும் அதற்கு ஏற்றபடி மாற்றும். இடது பக்கம் ஜன்னல், தலைக்கு மேல் மஞ்சள் எல்இடி என்று வைத்துக்கொண்டு எடுத்தால் புடவையின் ஒரு மடிப்பு நீலமாகவும் அடுத்த மடிப்பு மஞ்சளாகவும் வரும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

பகலில் எடுப்பதாக இருந்தால் வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிடுங்கள். இவ்வளவு சின்ன விஷயமா என்று தோன்றும். ஆனால் எங்களுக்கு வந்த புகாரில் பாதி இதிலேயே நின்றது. சென்னை வெயிலில் மொட்டைமாடி நடுப்பகலில் எதற்கும் ஆகாது, ஜரிகை வெள்ளையாக எரிந்து கண்ணாடித் துண்டு மாதிரி ஆகிவிடும். காலையில் நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரம் போதும். வெயில் விழுந்தால் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைத் திரையாகக் கட்டிக்கொள்ளலாம். எதிர்ச் சுவரின் நிறத்தையும் பாருங்கள். எங்கள் கூடத்தில் ஒரு சுவர் பச்சை. அந்தப் பச்சை புடவையின் வெள்ளைக் கரையில் வந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆனது.

இரவில்தான் எடுத்தாக வேண்டுமென்றால் எல்இடி பல்பின் அட்டையில் சிஆர்ஐ என்று போட்டிருக்கும் எண்ணைப் பாருங்கள். அந்த வெளிச்சம் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான அளவு அது. 80 என்றால் வீட்டு உபயோகத்துக்குப் போதும், படத்துக்குப் போதாது. அந்த வகை பல்பில் அடர் சிவப்பு பெரும்பாலும் செத்துப்போய்த்தான் தெரியும். அரக்குப் புடவை பாக்கு நிறத்தில் விழுவது இதனால்தான். 90-க்கு மேல் உள்ளதை வாங்குங்கள்.

அப்புறம், ஒயிட் பேலன்ஸ் சரிபார்க்க எதை ‘வெள்ளை’ என்று காட்டுகிறீர்கள்? நான் முதலில் ஏ4 தாளை வைத்தேன். பளிச்சென்று தெரிவதற்காகத் தாளில் சேர்க்கும் ரசாயனம் பகல் வெளிச்சத்தில் லேசான நீலத்தைக் கக்கும். அதை வெள்ளை என்று நம்பினால் படம் மஞ்சள் பக்கம் சாயும். அப்பாவின் வேட்டியை விரித்துப் பார்த்தேன், அதில் சொட்டு நீலம். கடைசியில் கேமரா கடையில் ஒரு சாம்பல் அட்டை, அதாவது கிரே கார்டு, வாங்கினேன். ஒவ்வொரு முறை இடமோ வெளிச்சமோ மாறும்போதும் முதல் படத்தில் அதைப் புடவை மேல் வைத்து எடுத்துவிடுவேன். திருத்தும்போது அந்த அட்டையைத் தொட்டுக் காட்டினால் மற்ற படங்களும் அதே கணக்கில் வந்துவிடும். கண் பழகினாலும் அட்டை பழகாது.

சாச்சுரேஷனை இழுத்துவிடுவது

சாதாரண ஜேபெக் படத்தில் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிதான். மிளகாய்ப்பழச் சிவப்பில் ஒரு பட்டுப்புடவையை எடுத்தால் சிவப்பு ஏற்கெனவே உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும். அதற்கு மேல் சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, கூட்டினால் மடிப்பின் மேடும் பள்ளமும் சேர்ந்து 255-இல் முட்டிக்கொள்ளும். நெசவு மறையும், புட்டா மறையும், சிவப்பு பெயின்ட் அடித்த அட்டை மாதிரி ஆகிவிடும். ‘கலர் நல்லா தூக்கலா இருக்கு’ என்று முதல் பார்வையில் தோன்றுவதால் இந்தத் தவறு பிடிபடுவதே இல்லை.

எடிட் செய்யும் ஆப்பில் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டு முதல் வெளிச்சம் வரை படத்தில் எது எவ்வளவு என்று காட்டும் வரைபடம், இருந்தால் மூன்று நிறத்தையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். சிவப்பு வலது ஓரச் சுவரில் போய் ஒட்டியிருந்தால் அங்கே விவரம் போய்விட்டது என்று அர்த்தம். எடுக்கும்போதே வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுப்பது நல்லது. நிறம் எடுபடவில்லை என்றால் சாச்சுரேஷனுக்குப் பதில் வைப்ரன்ஸைத் தொடுங்கள். ஏற்கெனவே அடர்த்தியான நிறத்தை அதிகம் சீண்டாமல், மங்கலானதை மட்டும் அது தூக்கிக் கொடுக்கும்.

முகத்தை வெளுப்பது

இதில் எனக்குக் கோபமே உண்டு. புடவை கட்டி நிற்கும் பெண்ணின் மாநிறத்தை இரண்டு மூன்று படி வெளுத்துவிட்டுப் படத்தைப் போடுகிறோம். பல ஃபோன்களில் பியூட்டி மோடு நாம் கேட்காமலே இதைச் செய்கிறது. இது புதிய வழக்கமும் அல்ல. ஃபிலிம் காலத்தில் நிறம் சரிபார்க்க லேப்களுக்குக் கோடாக் அனுப்பிய ‘ஷெர்லி கார்டு’களில் நீண்ட காலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான் இருந்தது. அந்தத் தோலுக்குப் பொருந்தினால் சரி, மற்றவர்கள் எப்படி வந்தாலும் பரவாயில்லை என்ற நிலை. அதற்கு மாறாக, 2022-இல் கூகுள் வெளியிட்ட, எல்லிஸ் மங்க் என்ற ஆய்வாளரின் தோல்நிற அளவுகோலில் வெளுப்பில் தொடங்கிக் கறுப்பு வரை 10 படி இருக்கிறது.

மரியாதைக் கணக்கை விடுங்கள், வியாபாரக் கணக்கிலும் இது தவறு. முகத்தை வெளுக்கும்போது புடவையும் சேர்ந்து வெளுக்கிறது. முகத்தை மட்டும் வெளுத்தாலோ, பக்கத்தில் இருக்கும் புடவை நிறம் வேறாகத் தெரியும். வாங்குகிறவருக்குத் தன் தோலில் அந்த மாம்பழ மஞ்சள் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டாமா? பியூட்டி மோடை நிறுத்திவிட்டு, முகத்தின் மீது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நிற்கச் சொல்லுங்கள். கறுப்புத் தோலில் அந்த வெளிச்சம் விழும் அழகுக்கு எந்த ஃபில்டரும் ஈடாகாது.

வெப்சைட்டில் புடவை நிறத்தையே எழுத்துக்கும் போடுவது

பச்சையில் சிவப்புக் கரை. புடவையில் இது கண்ணைப் பறிக்கும். அதே ஜோடியை எழுத்துக்கும் பின்னணிக்கும் போட்டால் படிக்க முடியாது. காரணம் எளிது. நிறத்தில் எவ்வளவு வேறுபாடு இருந்தாலும், வெளிச்ச அளவில் வேறுபாடு இருந்தால்தான் கண்ணால் எழுத்தைப் பிரிக்க முடியும்.

இதை எண்ணால் அளக்கலாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் உள்ள கான்ட்ராஸ்ட், அதாவது வெளிச்ச அளவின் விகிதம், 21. சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5, பெரிய எழுத்துக்கு 3 வேண்டும் என்று வெப்சைட்டுகளுக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி சொல்கிறது. 244, 196, 48 (சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில்) என்ற மஞ்சளின் மேல் வெள்ளை எழுத்துப் போட்டால் 1.6தான் வரும். அதே மஞ்சளில் கறுப்பு எழுத்து 12-ஐத் தாண்டும். 128, 0, 0 என்ற அரக்கின் மேல் வெள்ளை கிட்டத்தட்ட 11. அப்பட்டமான சிவப்பு 255, 0, 0-ஐ 0, 128, 0 என்ற பச்சையின் மேல் போட்டால் வெறும் 1.3. முதலில் எங்கள் ‘வாங்க’ பட்டனே மஞ்சளில் வெள்ளையாகத்தான் இருந்தது. வீட்டுக்குள் எனக்கு நன்றாகத் தெரிந்தது. மத்தியானம் பஸ் ஸ்டாப்பில் நின்று ஃபோனைத் திறந்தேன், பட்டன் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் பட்டைதான் தெரிந்தது.

வெளிர் சாம்பல் எழுத்து இன்னொரு வியாதி. வெள்ளையின் மேல் 153, 153, 153 என்ற சாம்பலுக்கு 3 கூட வராது. 118, 118, 118 வரை போகலாம், அதற்கு மேல் வெளுக்கக்கூடாது. தமிழுக்கு இது இன்னும் முக்கியம். சின்ன எழுத்தில், மங்கிய சாம்பலில் முதலில் காணாமல் போவது புள்ளிதான். ‘பட்டு’ ‘படடு’ ஆகிவிடும்.

நிறத்தை மட்டும் வைத்துச் சேதி சொல்வதும் கூடாது. பச்சை வட்டம் என்றால் இருப்பு உண்டு, சிவப்பு வட்டம் என்றால் இல்லை என்று வைத்திருந்தோம். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் ஆண்களில் கணிசமாக உண்டு. வட்டத்துக்குப் பக்கத்தில் ‘இருக்கு’, ‘தீர்ந்தது’ என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

பின்னணியின் நிறம் புடவையின் நிறத்தையே மாற்றிக் காட்டும் என்பதையும் பலர் யோசிப்பதில்லை. பாரிஸில் கோபெலின் நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவைக் கவனித்துவந்த செவ்ரூல் என்ற வேதியியலாளரிடம் கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது என்று புகார் வந்தது. சாயத்தில் குறையே இல்லை, பக்கத்தில் இருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன என்று அவர் கண்டுபிடித்தார். 1839-இல் அதை விரிவாக எழுதி வெளியிட்டார். நம் தறிக்காரர்களுக்கும் இது கைப்பழக்கமாகத் தெரியும். ஆகவே புடவைப் படங்கள் வரும் பக்கத்துக்கு வெள்ளையோ நடுநிலையான வெளிர் சாம்பலோ போதும். வாடாமல்லி நிறப் பின்னணியில் எம்.எஸ். நீலத்தை வைத்தால் அந்த நீலம் பச்சைப் பக்கம் சாய்ந்ததுபோல் தெரியும்.

எத்தனை நிறம் போடலாம் என்று கேட்பவர்களுக்குப் புடவையையே காட்டுவேன். உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம், ஜரிகை கொஞ்சம். பக்கத்தின் பெரும்பகுதி அமைதியாக இருக்கட்டும், தலைப்புக்கு இரண்டாவது நிறம், பட்டனுக்கு மட்டும் மூன்றாவது.

சேமிக்கும் இடத்தில் கோட்டை விடுவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேமராவில் அடோபி ஆர்ஜிபி என்ற அகலமான நிறப்பரப்பை வைத்திருந்தாலும், அதுபோல அகலமான நிறப்பரப்பில் எடுக்கும் ஐஃபோன் என்றாலும், வெப்சைட்டில் ஏற்றும் முன் எஸ்ஆர்ஜிபிக்கு, அதாவது வெப்சைட்டுகளுக்குப் பொதுவான நிறப்பரப்புக்கு, மாற்றிச் சேமியுங்கள். மாற்றாமல் விட்டால் சில இடங்களில் நிறம் வெளிறித் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது அமுக்கி அனுப்பும். எடிட் செய்யப்போகும் படத்தை டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சென்னை ஆண்டர்சன் தெருவில் கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது திரையில் மின்னும் கிளிப்பச்சை தாளில் வராது. அச்சு மையால் தொட முடியாத நிறங்கள் திரையில் உண்டு. ஒரு தாள் மாதிரி அடித்துப் பார்த்துவிட்டு மீதியைச் சொல்லுங்கள்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் மயில்கழுத்துப் புடவை மட்டும் ஒரே படத்தில் அடங்காது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். இந்தப் பக்கம் திருப்பினால் நீலம், அந்தப் பக்கம் திருப்பினால் பச்சை. கேமரா ஒரு கோணத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும். இப்போது அந்த மாதிரிப் புடவைகளுக்கு, ஜன்னல் ஓரத்தில் முந்தானையை மெதுவாகத் திருப்பி ஒரு சின்ன வீடியோ எடுத்துப் போடுகிறோம். அதற்குக் கீழே அக்கா தன் கையால் ஒரு வரி தட்டுவாள்: "உடல் நீலம், ஊடையில பச்சை ஓடும், காலை வெளிச்சத்துல எடுத்தது."