கனமான லென்ஸுக்கு ட்ரைபாட்: 'தாங்கும் எடை' பார்த்து வாங்காதீர்கள்

பறவைப் படம் எடுக்க 150-600 அல்லது 200-500 மி.மீ. லென்ஸ் வாங்கியவர்கள் சில நாளிலேயே ட்ரைபாட் தேட ஆரம்பித்துவிடுவார்கள். கை அவ்வளவுதான் தாங்கும். கடையில் முதலில் கண்ணில் படுவது 'தாங்கும் எடை 10 கிலோ', '18 கிலோ' என்ற எண். அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

முதலில் உங்கள் கேமராவையும் லென்ஸையும் சேர்த்து எடை போடுங்கள். நிக்கான் 200-500 சுமார் 2.3 கிலோ, டி850 பாடி பேட்டரியோடு ஒரு கிலோ. கேனான் 600 எஃப்/4 இரண்டாம் பதிப்பு என்றால் லென்ஸ் மட்டுமே 3.9 கிலோ. ட்ரைபாட்டின் மேல் லென்ஸைத் தாங்கித் திருப்பும் பகுதிதான் ஹெட். பெரிய லென்ஸை ஊஞ்சல்போல் சமநிலையில் தாங்கும் கிம்பல் ஹெட் ஒன்றுக்கு இன்னொரு கிலோவோ ஒன்றரையோ சேர்த்துக்கொள்ளுங்கள். எப்படிக் கூட்டினாலும் ஏழு கிலோவைத் தாண்டாது. அப்புறம் ஏன் 10 கிலோ ட்ரைபாட்டில் படம் ஆடுகிறது?

தாங்குவது வேறு, ஆடாமல் நிற்பது வேறு. அந்த எண்ணை அளக்க எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான முறை கிடையாது, அவரவர் கணக்கு. அவ்வளவு எடை வைத்தால் ட்ரைபாட் உடையாது, கால் சரியாது என்று வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். 600 மி.மீ.யில் லேசான காற்றும் விரல் அழுத்தமும்கூடப் படத்தில் தெரியும். அதற்கு வேண்டியது விறைப்பு.

விறைப்பைக் காட்டும் அளவு, காலின் மேல் குழாயின் விட்டம். பொருளும் சுவர்த் தடிமனும் ஒன்றாக இருந்தால், விட்டத்தின் முப்படிக்கு (விட்டம் × விட்டம் × விட்டம்) ஏற்ப விறைப்பு கூடும். 25 மி.மீ. குழாயைவிட 32 மி.மீ. குழாய் ஏறக்குறைய இரண்டு மடங்கு விறைப்பு. 150-600 வகை லென்ஸுக்கு 32 மி.மீ.க்குக் கீழே போகாதீர்கள். 600 எஃப்/4 வைத்திருப்பவர்கள் 36, 40 என்று பார்ப்பது நல்லது. சில நிறுவனங்கள் மாடல் பெயரிலேயே இதைச் சொல்லிவிடும்: லியோஃபோட்டோ எல்எஸ்-324சி என்றால் 32 மி.மீ., 4 அடுக்கு (ஒன்றுக்குள் ஒன்று மடங்கும் குழாய்கள்), கார்பன்.

அடுக்கு குறைந்தால் நல்லது. 4 அடுக்குக் காலில் கடைசிக் குழாய் மெலிந்துவிடும். பேருந்தில் போகிறவர்களுக்கு 4 அடுக்கு வசதி. வண்டி இருந்தால் 3 அடுக்கே என் தேர்வு. கார்பனா அலுமினியமா என்றால் கார்பன். பணம் போதாவிட்டால் மெலிந்த கார்பனைவிடத் தடித்த அலுமினியம் மேல்.

சென்டர் காலம் (center column, நடுவில் உயர்த்தும் தண்டு) இல்லாத ட்ரைபாட்டே வாங்குங்கள். அதை உயர்த்தினால் மூன்று காலில் நிற்க வேண்டிய லென்ஸ் ஒற்றைக் கம்பியில் நிற்கும். ஹெட்டும் கேமராவும் 20, 25 செ.மீ. உயரம் கொடுத்துவிடும் என்பதால், 170 செ.மீ. உயரமுள்ளவருக்குக் கால்கள் மட்டும் 135 செ.மீ. வந்தால் போதும். ஏரிக்கரைச் சரிவில் ஒரு காலை நீட்டி வைக்க வேண்டியிருக்கும், அதனால் பத்து செ.மீ. கூடுதலாகவே பாருங்கள்.

இனி ஹெட். பால் ஹெட்டில் (உருண்டை மூட்டில் எந்தப் பக்கமும் சாயும் ஹெட்) திருகைத் தளர்த்தியதும் பெரிய லென்ஸ் பொத்தென்று சாயும், விரல் நசுங்கும். கிம்பல்தான் சரி. ஆனால் வாங்கி மாட்டினால் மட்டும் போதாது. பலரும் தடுமாறுவது சமன் செய்வதில்தான், அதனால் இதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

லென்ஸின் அடியில் உள்ள காலில் நீளமான ஆர்கா பிளேட்டை (ஹெட்டில் செருகி இறுக்கும் தட்டு) இரண்டு திருகு போட்டு மாட்டுங்கள். ஒரு திருகு போட்டால் பிளேட் மெல்லத் திரும்பும். பேட்டரி, ஹூட் (லென்ஸ் முனையின் ஒளி மறைப்பு), டெலிகன்வெர்ட்டர் (லென்ஸின் எட்டத்தைக் கூட்டும் இணைப்பு) எல்லாம் மாட்டியபடியே சமன் செய்யுங்கள். 150-600 ஜூம் நீளும்போது முன்பக்கம் கனக்கும், அதனால் அதை 600-ல் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் லென்ஸைப் பிடித்தபடி சாய்வுத் திருகைத் தளர்த்துங்கள். மூக்கு கீழே போனால் பிளேட்டைப் பின்னால் நகர்த்துங்கள், பின்பக்கம் தாழ்ந்தால் முன்னால்.

இங்கேயே நிறுத்திவிடுபவர்கள் அதிகம். இன்னொன்று பாக்கி இருக்கிறது. லென்ஸை 45 பாகை சாய்த்து, கையை அருகிலேயே வைத்துக்கொண்டு மெல்ல விடுங்கள். அது மேலும் கவிழ்ந்தால் லென்ஸ், கிம்பல் சாயும் அச்சுக்கு மேலே இருக்கிறது, லென்ஸைத் தாங்கும் கிம்பல் தட்டை இறக்குங்கள். தானாக மட்டத்துக்குத் திரும்பினால் கீழே இருக்கிறது, ஏற்றுங்கள். எந்தக் கோணத்தில் விட்டாலும் அங்கேயே நின்றால் முடிந்தது. அதன்பின் ஒரு விரலால் கொக்கைத் தொடரலாம்.

வாங்கும் முன் உங்கள் லென்ஸைக் கடைக்கே கொண்டுபோங்கள். லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி, லென்ஸை லேசாகத் தட்டி, ஆட்டம் அடங்க எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். இரண்டு ட்ரைபாட்டை அடுத்தடுத்துச் சோதித்தால் வித்தியாசம் கண்ணிலேயே தெரியும்.

பின்சேர்க்கை: பார்வைக் கோபுரத்தின் மேலிருந்து எடுத்தால் மட்டும் படம் ஆடுகிறதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பக்கத்தில் யாராவது நடந்தாலே தளம் அதிரும், அதற்கு ட்ரைபாட் என்ன செய்யும்? ஆள் நடமாட்டம் ஓயும்வரை காத்திருங்கள், அல்லது ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள்.

பழவேற்காடு போகிறவர்களுக்கும் ஒன்று. உப்புநீரில் நிறுத்தும்போது மேல் அடுக்கை விட்டுவிட்டுக் கடைசி மெல்லிய அடுக்கை முதலில் நீட்டுங்கள். விறைப்பு கொஞ்சம் குறையும், ஆனால் பூட்டுகள் தண்ணீருக்கு மேலே நிற்கும். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, நீட்டியபடியே காயவிட்டு அப்புறம் மடியுங்கள்.