பிரிட்ஜ் ஓடுது, ஐஸ் இல்லை: காஸ் அடிக்க முதல் நீங்களே பார்க்கவேண்டியவை

போன சித்திரையில் ஒரு நாள் இரவு எட்டு மணிக்கு மாமி போன் எடுத்தா. "தம்பி, பிரிட்ஜ் ஓடுற சத்தம் கேக்குது, ஆனா மேல வைச்ச இறால் இளகுது. பின்னேரம் ஒருத்தர் வந்து பாத்திட்டு, காஸ் முடிஞ்சுது, விடிய வந்து அடிக்கிறன் எண்டு சொல்லிட்டுப் போட்டார்." பாசையூரில் வாங்கி, உரிச்சு, கழுவி, பை பையாய்க் கட்டி வைச்ச மூன்று கிலோ இறால். கனடாவில் இருந்து வரப்போற மகளுக்கு.

பிரிட்ஜ் காஸ் அடுப்புக் காஸ் மாதிரி எரிஞ்சு முடியிற சாமான் இல்லை. மூடின குழாய்க்குள்ள அதே காஸ்தான் வருசக்கணக்காய்ச் சுத்தும். குறைஞ்சிருந்தால் எங்கேயோ ஓட்டை. அதனால "காஸ் முடிஞ்சுது" எண்டு ஒருவர் பத்து நிமிசத்தில சொன்னால் கொஞ்சம் பொறுங்கோ. கீழே இருக்கிறதை வரிசையாய்ப் பாருங்கோ. ஒரு ரோச், ஒரு பெயின்ற் பிரஷ், ஒரு இருபது ரூபாத் தாள் போதும்.

முதலில் சாமானைக் காப்பாத்துங்கோ

என்ன பிழை எண்டு திறந்து திறந்து பாக்காதேங்கோ. நிரம்பின பிறீசர் கதவு திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 48 மணித்தியாலம் குளிரைப் பிடிச்சு வைக்கும். அரைவாசி நிரம்பியிருந்தால் 24. மீன், இறாலை ஒரே தடவையில் எடுத்து, ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு அடுக்குங்கோ, இல்லாட்டி பக்கத்து வீட்டுப் பிறீசரில் இடம் கேளுங்கோ. உள்ளே இன்னும் ஐஸ் பொருக்கு இருந்தால் திரும்ப உறைய விடலாம். இளகி, ஆனால் குளிராய் இருந்தால் அண்டைக்கே சமைச்சிடுங்கோ. எங்கட வெயிலுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல சூடேறிக் கிடந்த மீனை, மணம் இல்லாட்டியும், கொட்டத்தான் வேணும்.

மாமியின்ர இறாலில் நடுவில இன்னும் ஐஸ் இருந்தது. பக்கத்து வீட்டுக்குப் போட்டுது.

ஓடுறது எது?

"ஓடுது" எண்டு எல்லாரும் சொல்லுவினம். லைற் எரியுது, ஏதோ இரைச்சல் கேக்குது, அதுதான் அவையின்ர கணக்கு. குளிராக்கிறது பின்பக்கம் கீழே இருக்கிற கறுப்புக் குண்டுதான், கொம்பிரசர். பிரிட்ஜின் பக்கவாட்டில் கீழ்ப்பக்கமாய் உள்ளங்கையை வையுங்கோ. மெல்லிய அதிர்வு தெரிந்தால் ஓடுது. அதிர்வே இல்லாட்டி அரை மணித்தியாலம் காத்திருங்கோ. நோ ஃப்ரொஸ்ற் பிரிட்ஜ் தானே ஐஸ் கரைக்கிற நேரத்தில் கொம்பிரசரை நிப்பாட்டி வைக்கும், அது பழுது இல்லை. சின்னப் பிள்ளைகள் உள்ள வீடு எண்டால் குளிரைக் கூட்டிக் குறைக்கிற குமிழை அவை திருப்பி விட்டிருக்கினமோ எண்டும் ஒருக்கால் பாருங்கோ. சிரிக்காதேங்கோ, இரண்டு வீட்டில கண்டிருக்கிறன்.

"ம்ம்ம்" எண்டு சில விநாடி முனகி, "டிக்" எண்டு நிண்டு, சில நிமிசத்தில் திரும்ப அதே கதை எண்டால் கொம்பிரசர் கிளம்ப ஏலாமல் கிடக்குது. இதுக்கு எங்கட பக்கத்தில் முதல் சந்தேகம் வோல்ற்றேஜ். வர வேண்டியது 230 வோல்ற். பொழுதுபட்டு எல்லா வீட்டிலும் லைற்றும் ஃபானும் மோட்டரும் ஒண்டாய்ப் போட, லைனின் கடைசியில் இருக்கிற வீட்டுக்கு அது இறங்கிப் போகும். பிளக்கில் செருகிப் பாக்கிற சின்ன மீற்றர் கடையில் இருக்குது, வாங்கி இரவு எட்டு மணிக்கும் விடிய ஐந்து மணிக்கும் பாருங்கோ. இரவில் மட்டும் பிழை எண்டால் பிரிட்ஜில் கைவைக்க வேண்டாம், ஸ்ரபிலைசர் போடுங்கோ. நீட்டு வயரில் கேத்திலோடு சேர்த்துக் கொழுவியிருந்தால் முதலில் அதைக் கழட்டி நேரே சுவர்ப் பிளக்கில் குடுங்கோ. நிப்பாட்டின பிறகு திரும்பப் போட ஐந்து நிமிசம் விடவேணும். குழாய்க்குள்ள அழுத்தம் சமப்பட நேரம் தேவை.

வோல்ற்றேஜ் சரியாய் இருந்தும் முனகினால், கொம்பிரசர் பக்கத்தில் இருந்து அதைக் கிளப்பிவிடுற ரிலே போயிருக்கலாம். அது சின்னச் சாமான், விலையும் பெரிசில்லை. ஆனால் புதுசாய்ப் பழகிறவர் அதில் கைவைக்க வேண்டாம், அங்கே மின்சாரத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிற கப்பாசிற்றர் பிளக் கழட்டின பிறகும் அடிக்கும்.

மாமி வீட்டில் கொம்பிரசர் நல்லாய் அதிர்ந்தது. மீற்றர் 222 காட்டிச்சுது. அப்ப பிழை வேறெங்கேயோ.

சூடு வெளியில போகுதோ?

பிரிட்ஜ் குளிரைச் செய்யிறதில்லை, உள்ளே இருக்கிற சூட்டை அள்ளி வெளியில கொட்டுது. கொட்டுற இடம் பின்பக்கக் கறுப்புக் கம்பிவலை. புதிய பிரிட்ஜ்களில் இரண்டு பக்கத் தகட்டுக்குள்ளும் அந்தக் குழாய் இருக்கும். பக்கம் இளஞ்சூடாய் இருந்தால் நல்ல அறிகுறி. கை வைக்க ஏலாத சூடெண்டால் காத்துப் போக வழியில்லை. சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கோ. அடுப்புப் பக்கத்தில் வைச்சிருந்தால் இடத்தை மாத்துங்கோ.

வலிகாமத்துச் செம்மண் வீடுகளில், சோளகம் வீசுற மாதங்களில் இந்தக் கம்பிவலையைப் பாத்தால் செங்கல் நிறத்தில் கம்பளி போத்த மாதிரி இருக்கும். பிளக்கைக் கழட்டிப்போட்டு, பெயின்ற் பிரஷால் மேலிருந்து கீழாய்த் தட்டுங்கோ. தண்ணி அடிக்காதேங்கோ.

கதவு றப்பர்

இருபது ரூபாத் தாளைக் கதவுக்கும் பெட்டிக்கும் இடையில் வைச்சு மூடி, மெல்ல இழுங்கோ. இறுகப் பிடிச்சால் சரி. வழுக்கி வந்தால் அந்த இடத்தால் காத்து போகுது. சுத்தி வர ஒவ்வொரு சாணுக்கும் ஒருக்கால் செய்யவேணும், மூலைகளை விடாதேங்கோ. இன்னொரு வழி, இரவில் ரோச்சை எரியவிட்டு உள்ளே வைச்சு மூடி, குசினி லைற்றை நூர்த்துப் பாருங்கோ. வெளிச்சம் கசியிற இடம் தெரியும். அழுக்கெண்டால் சவர்க்காரத் தண்ணியில் துடைச்சு, நெளிஞ்ச இடத்துக்குச் சுடுதண்ணித் துணி ஒத்தினால் பலவேளை நிமிரும்.

மாமியின்ர பிறீசர்க் கதவில் மேல் மூலையில் தாள் அப்படியே வந்திட்டுது. ரோச் அடிச்சுப் பாத்தால் றப்பரில் செம்மஞ்சளாய் ஒரு கோடு. மிளகாய்த்தூள்! தூள் பையின்ர நுனி எத்தனை நாளாய் அந்த இடுக்கில் மாட்டிக் கிடந்ததோ தெரியாது. ஒரு நூல் இடைவெளிதான், கண்ணால் பாத்தால் கதவு மூடித்தான் இருந்தது.

உள்ளே ஃபானும் ஐஸும்

நோ ஃப்ரொஸ்ற்றில் குளிர்க்குழாய் பிறீசரின் பின் தகட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கும். அந்தக் குளிரை ஒரு சின்ன ஃபான்தான் ஊதிப் பரப்பும். கதவைத் திறந்தால் பல பிரிட்ஜ்களில் அது நிண்டிடும், அதனால கதவோரம் இருக்கிற சின்னப் பொத்தானை விரலால் அமத்திக்கொண்டு காத்து வாற துவாரத்தில் மற்றக் கையைப் பிடிக்கவேணும். மாமி வீட்டில் காத்தே இல்லை. காதை வைச்சால் "கிர்ர்" எண்டு எதிலோ உரசிற சத்தம்.

விசயம் இதுதான்: கதவு இடுக்கால் ஈரக்காத்து உள்ளே போய்க் குழாயில் படிஞ்சு, ஐஸ் வளர்ந்து வளர்ந்து ஃபான் இதழைப் பிடிச்சிட்டுது. கொம்பிரசர் பாவம், இரவு பகலாய் ஓடி அந்த ஐஸ்கட்டியை மட்டும் குளிராக்கிக்கொண்டு இருந்தது.

இதுக்கு மருந்து பொறுமை. பிளக்கைக் கழட்டி, இரண்டு கதவையும் திறந்து, கீழே பழைய துவாயும் தாம்பாளமும் வைச்சு 12 மணித்தியாலமாவது விடுங்கோ, கட்டி தடிப்பெண்டால் 24. அவசரமெண்டால் மடிச்ச துணிக்கு மேல சுடுதண்ணிச் சட்டி ஒண்டை உள்ளே வைக்கலாம். கத்தி, திருப்புளி எதாலும் குத்தாதேங்கோ! குழாய் மெல்லிய அலுமினியம், ஒரு குத்தில் ஓட்டை விழும். அப்ப உண்மையாவே காஸ் போகும். புதிய பிரிட்ஜ்களில் பலதுக்கு ஆர் 600ஏ எண்ட காஸ்தான் (பின்னால ஒட்டின தாளில் எழுதியிருக்கும்), அது தீப்பிடிக்கிற சாதி.

கரைஞ்ச பிறகு திரும்பப் போட்டு ஒரு நாள் வெறுமையாய் ஓட விடுங்கோ. பிறீசர் சைபருக்குக் கீழே 18 பாகை செல்சியசுக்கு வரவேணும். கதவு சரியாய் இருந்தும் ஒன்றிரண்டு கிழமையில் திரும்ப ஐஸ் கட்டினால், கரைக்கிற ஹீற்றரோ அதோட சேர்ந்த தெர்மோஸ்ரற்றோ போட்டுது. திருத்துறவரிட்ட "குளிரில்லை" எண்டு சொல்லாமல் "ஐஸ் கரைக்குதில்லை" எண்டு சொல்லுங்கோ. வேலை பாதியாய்க் குறையும்.

உண்மையாவே காஸ் போயிருந்தால்

கொம்பிரசர் நிப்பாட்டாமல் ஓடும், ஆனால் ஒரு மணித்தியாலம் கழிச்சும் பக்கத் தகடும் பின்வலையும் பச்சைத்தண்ணி மாதிரிக் கிடக்கும். உள்ளே குழாயின் ஒரு மூலையில் மட்டும் வெண்பனி பிடிச்சிருக்கும், மிச்சம் வெறுங்குழாய். ஒட்டின இடங்களில் எண்ணெய்க் கசிவு தெரியலாம். காரைநகர், வேலணை மாதிரிக் கடலோர வீடுகளில் உப்புக்காத்துக் குழாயை அரிக்கும், அங்கே இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருக்குது.

அப்பவும் காஸை மட்டும் அடிக்க விடாதேங்கோ. ஓட்டையைக் கண்டுபிடிச்சு ஒட்டவேணும், ஃபில்ற்றரை மாத்தவேணும், வக்கும் பம்ப் போட்டு உள்ளே இருக்கிற காத்தையும் ஈரத்தையும் இழுக்கவேணும், பிறகு தாளில் எழுதின கிராம் கணக்குக்குத் தராசில் நிறுத்து அடிக்கவேணும். இந்த நாலையும் செய்வீங்களோ எண்டு காசு பேச முதலே கேளுங்கோ. ஓட்டையை விட்டுப்போட்டு அடிச்சால் திரும்பவும் போகும், நீங்கள் திரும்பவும் காசு குடுப்பீங்கள்.

அடுத்த நாள் பத்து மணிக்குக் காஸ் போத்தலோட அவர் வந்து இறங்கேக்க, மாமியின்ர பிறீசருக்குள்ள ஃபான் சத்தமில்லாமல் சுத்திக்கொண்டு இருந்தது. மனுசன் கையை உள்ளே விட்டுப் பாத்தார், ஒண்டும் சொல்லேல்லை. மாமி குடுத்த தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போட்டார்.