தேய்ந்த கிதார் ஃப்ரெட்டுகளைச் சீர்செய்யும் முறை
நெடுநாள் வாசித்த கிதாரில் பெரும்பாலும் முதலில் தேய்வது, முதல் சில ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பித் துண்டுகள்) மெல்லிய கம்பிகள் படும் இடமே. அங்கே பள்ளம் விழுந்தால் சுரம் இரையும், கம்பியை இழுத்து வளைக்கையில் சிக்கும். ஆனால் கழுத்தின் வளைவு மாறினாலும் இரைச்சல் வரும் என்பதால், கழுத்தினுள் ஓடும் உலோகத் தண்டான ட்ரஸ் ராடைத் திருகிக் கழுத்தை நேராக்கும் முன் அரத்தைத் தொடவே கூடாது.

பின்னர் கம்பிகளைக் கழற்றி, ஃப்ரெட்டுகள் பதிந்த பலகையான ஃப்ரெட்போர்டில் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஃப்ரெட்டுகளின் உச்சியில் மார்க்கர் மை பூசி, 400 எண் உப்புத்தாள் ஒட்டிய நேர்ச்சட்டத்தால் மை எங்கும் அழியும்வரை மட்டும் நெடுக்காகத் தேய்க்க வேண்டும். அதன்பின் மீண்டும் மை பூசி, தட்டையாகிவிட்ட உச்சியைக் குழிவான அரத்தால் உருண்டையாகத் தேய்த்து, நடுவில் மயிரிழை அளவு மைக்கோடு எஞ்சும்போதே நிறுத்துவதுதான் இவ்வேலையின் உயிர்நாடி.

பள்ளம் ஆழமெனில் ஃப்ரெட்டையே மாற்றுங்கள். பூச்சில்லாத ரோஸ்வுட் பலகைக்குச் சில துளி எண்ணெய் போதும். வார்னிஷ் பூசிய மேப்பிளுக்கு எண்ணெய் வேண்டாம்.