எழுத்து நகரவில்லையா? இடப்பக்கத்தில் தொடங்குங்கள்

பாதியில் நின்றுபோன கதையைத் தினமும் திறந்து பார்த்துவிட்டு மூடிவைக்கிறவர்களுக்காக இந்தப் பதிவு. என் சிறுகதை ஒன்று மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தபோது, நாட்குறிப்புதான் அதை நகர்த்தியது. செய்த முறையை அப்படியே தருகிறேன்.

நோட்டு, பேனா

புத்தாண்டுக்குக் கடைகளில் ஓசியாகத் தரும் தேதி போட்ட டைரி வேண்டவே வேண்டாம். நாலு நாள் விட்டுப்போனால் அந்த வெற்றுப் பக்கங்கள் நம்மை முறைக்கும். கோடு போட்ட லாங் சைஸ் நோட்டு போதும். பேனா பால்பாயிண்ட்தான். ஜெல் பேனா மை மறுபுறம் ஊறித் தெரியும். நமக்கு இரண்டு பக்கமும் வேண்டும். கைபேசியில் எழுதலாமா என்றால், ஒரு வாட்ஸ்அப் சத்தம் வந்தால் எல்லாம் போச்சு.

இடம், வலம்

நோட்டை விரித்து வையுங்கள். இடப்பக்கம் நாட்குறிப்பு, வலப்பக்கம் கதை. இது அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் வழி. 1951-இல் ‘ஈஸ்ட் ஆஃப் ஈடன்’ நாவலை எழுதும்போது, இடப்பக்கத்தில் தன் பதிப்பாசிரியர் பாஸ்கல் கோவிச்சிக்குக் கடிதம்போல எழுதிக் கையைப் பழக்கிக்கொண்டு, வலப்பக்கத்தில் நாவலுக்குப் போவார். பென்சில் சரியில்லை, பிள்ளைகளைப் பற்றிய கவலை, அடுத்த அத்தியாயம் எப்படி வரவேண்டும் என்று எல்லாமே அந்தக் கடிதங்களில் உண்டு.

பத்து நிமிடம்

அலாரம் வைத்துவிட்டு நிறுத்தாமல் எழுதுங்கள். எழுத்துப் பயிற்சி தந்த அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ 1973-இல் வந்த தன் நூலில் சொன்ன பயிற்சி இது. ஒன்றும் தோன்றாவிட்டால், ஒன்றும் தோன்றவில்லை என்றே எழுதிக்கொண்டு போகலாம். அடித்தல் திருத்தல் கிடையாது.

மாட்டிக்கொள்ளும் இடம்

நான் நெடுநாள் நின்றது இங்கேதான். இடப்பக்கம் மெல்ல மெல்லப் புலம்பல் பக்கமாகிவிடும். ‘இன்றும் எழுத வரவில்லை, எனக்கு ஏன் இந்த வேலை’ என்று பக்கம் நிரம்பும், மனசும் லேசாகும்; ஆனால் வலப்பக்கம் காலியாகவே இருக்கும்.

இதற்கு இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய ஒருவருக்கு எழுதுங்கள். இரண்டாவது, உங்களைப் பற்றி மூன்று வரிக்கு மேல் வேண்டாம். நாலாவது வரியில் கதை எந்த இடத்தில் நிற்கிறதோ அதைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். என் கதையில், அப்பா இறந்தபின் வீட்டை விற்க வரும் செல்வி, தம்பியிடம் பேச்சையே ஆரம்பிக்க மாட்டாள். இடப்பக்கத்தில் என் அக்காவுக்கு நான் எழுதியது இப்படி:

“அக்கா, இந்தச் செல்வி ஏன் வாயே திறக்க மாட்டேங்கறா? பணம் கேக்க வெக்கமா? இல்ல, அவளுக்குப் பணம் வேண்டாம். அப்போ எதுக்கு வந்தா? மாடியில இருக்கற தையல் மிஷினை எடுத்துட்டுப் போக வந்திருக்கா. அதைத் தம்பி ஏற்கெனவே வித்துட்டான்.”

கடைசி வாக்கியம் வந்ததும் பேனா வலப்பக்கம் போய்விட்டது. அப்படி ஒரு வரி கிடைத்தால் அலாரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். கோடு போட்டுவிட்டு உடனே தாவுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் இடப்பக்கத்திலேயே கிடக்கட்டும்.

பேச்சுமொழியில் எழுதத் தயங்க வேண்டாம். 1736-லிருந்து புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை, கப்பல் வந்த சேதியையும் துரைமார் பேசியதையும் அன்றைய பேச்சுவழக்கு கலந்துதான் எழுதிவைத்தார்.

பிறகு சேர்த்தவை

வீட்டில் யாராவது படித்துவிட்டால் என்ன செய்வது என்று பலர் கேட்டிருந்தார்கள். கிழித்துவிடலாம் என்று தோன்றும், கிழிக்காதீர்கள். இடப்பக்கத்தின் மறுபுறம்தான் முந்தைய நாளின் வலப்பக்கம், கதையும் சேர்ந்து போய்விடும். யாரும் பார்க்கக் கூடாததைத் தனித்தாளில் எழுதி, அன்றே கிழித்துப் போடுங்கள்.

இடக்கைக்காரர்கள் பக்கங்களை மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஸ்பைரல் நோட்டு மட்டும் வேண்டாம், கம்பி கையில் இடிக்கும்.