நாகப்பட்டினத்துப் புத்தர் பொறித்த வெள்ளிக் கட்டி: முதல் முறை வாங்குபவர்களுக்கு

பணத்தை எடுப்பதற்கு முன்னால், சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். இதுதான் முதல் படி. 1856 முதல் நாகப்பட்டினத்து மண்ணுக்குள்ளிருந்து சுமார் 350 புத்தச் செப்புத் திருமேனிகள் வெளிவந்தன. அவற்றில் பல அங்கே இருக்கின்றன. ராஜராஜ சோழன் காலத்தில் சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசன் எழுப்பிய சூடாமணி விகாரை என்ற பௌத்த மடம் நின்ற ஊர் நாகப்பட்டினம். அந்த விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமாகக் கொடுத்ததைச் செப்பேடு சொல்கிறது. காவிரிக் கரைக்காரர்களுக்கு இது சொந்த வீட்டுச் சொத்து.

சிலையின் முன் நின்று உச்சந்தலையைப் பாருங்கள். சுருள் சுருளான முடிக்கு மேலே ஒரு தீச்சுடர் எழும். இலங்கை, தாய்லாந்துச் சிலைகளிலும் சுடர் உண்டு என்பதால், முகத்தையும், சீவரம் என்னும் துறவி ஆடையின் மடிப்பையும் சேர்த்தே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘பழம் புத்தக் கலை’ என்று விற்கப்படும் கட்டியில் அலையலையான கூந்தலும் கனத்த போர்வை மடிப்பும் இருந்தால் அது இன்றைய பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்துக் காந்தாரப் பாணி. அழகுதான், ஆனால் நம்மூர் புத்தர் அல்ல.

இரண்டாவது படி, விலை. கட்டியில் 999 என்ற தர எண் (99.9 சதவீதத் தூய்மை), எடை, தயாரிப்பாளர் முத்திரை மூன்றும் இருக்க வேண்டும். வெளிநாட்டுக் கட்டிகளில் எடை அவுன்ஸில் இருக்கும். இது உலோகங்களுக்கான ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம். அன்றைய வெள்ளி விலையை எடையால் பெருக்குங்கள். அதற்கு மேல் கேட்பது கலைக்கான கூலி. பிறகு 3 சதவீத ஜிஎஸ்டி. திரும்ப விற்கப் போனால் நகைக்கடையில் தராசு மட்டும்தான் பேசும், புத்தர் முகத்துக்குக் காசு கிடைக்காது. அந்தக் கூலியை ரசனைக்காகவே கொடுக்கிறோம் என்ற தெளிவோடு வாங்குங்கள். பில் இல்லாமல் வாங்கவே வேண்டாம்.

மூன்றாவது படி, சோதனை. இதில் அவசரம் கூடாது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய தராசில் கட்டியை நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். கட்டியை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் தண்ணீருக்குள் முழுவதும் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் 10.49 அளவில் வர வேண்டும், அதுதான் வெள்ளியின் அடர்த்தி. 100 கிராம் கட்டி என்றால் தராசு 9.53 காட்டும். செம்புக்கு 8.96, ஈயத்துக்கு 11.34 வரும். சீவர மடிப்புகளில் காற்றுக் குமிழி ஒட்டிக்கொண்டால் விடை குறைந்துவிடும். நூலை லேசாக ஆட்டிக் குமிழிகளை உதிர்த்துவிட்டு மறுபடி பாருங்கள். காந்தத்தையும் அருகில் கொண்டுபோய்ப் பாருங்கள், வெள்ளி ஒட்டாது. உலோகங்களைக் கலந்து இதே அடர்த்தியைக் கொண்டுவரவும் முடியும் என்பதால், பெரிய தொகை என்றால் தரப் பரிசோதனை மையத்துக்குக் கொண்டுபோங்கள். உறை முத்திரையிட்ட கட்டியாக இருந்தால் உறையைப் பிரிக்காதீர்கள், மதிப்புப் போய்விடும்.

இனிப் பாதுகாப்பு. வெள்ளியைக் கறுக்கச் செய்வது கந்தகம். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், செய்தித்தாளில் சுற்றாதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் போதும். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள்.

நம் வீடுகளில் வெள்ளி விளக்கை விபூதி போட்டுத் தேய்ப்பது வழக்கம். என் முதல் கட்டியையும் ஒரு கார்த்திகைக்கு விளக்குகளோடு சேர்த்து அப்படித்தான் தேய்த்தேன். கட்டி பளபளத்தது, சுடரின் நுனியும் மூக்கின் கூர்மையும் மழுங்கிவிட்டன. இன்றும் அதைக் கையில் எடுத்தால் மனம் கனக்கிறது. மடிப்புகளுக்குள் படியும் கறுப்பை அப்படியே விட்டுவிடுங்கள்; அந்த நிழல் இருந்தால்தான் சீவரத்தின் ஒவ்வொரு கோடும் கண்ணுக்குத் தெரியும்.