ரத்தம் வந்தால் மூலம்தானா?

மருந்துக் கடையில் கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பார்கள். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து, "அண்ணே, மூலத்துக்கு ஆயின்மென்ட் இருக்கா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கடைக்காரரும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிடுவார். வலிக்கிறதா, ரத்தம் வருகிறதா, எத்தனை நாளாக? ஒரு கேள்வியும் இருக்காது. வாங்கினவருக்கு அப்பாடா என்றிருக்கும். மூல விஷயத்தில் நடக்கும் பெரிய தவறு அங்கேயே நடந்துவிடுகிறது. யாரும் பார்க்காமலே நோய்க்குப் பெயர் வைத்தாகிவிட்டது.

ஆசனவாய்ப் பக்கம் எது வந்தாலும் நாம் மூலம் என்கிறோம். ரத்தக் குழாய்கள் நிறைந்த மெத்தை போன்ற திசு அந்த இடத்தில் எல்லோருக்கும் உண்டு. மலமும் காற்றும் கசியாமல் இருக்க அதுவும் உதவுகிறது. அது வீங்கிக் கீழே சரியும்போதுதான் மூலம் ஆகிறது. உள்மூலம் வரும் இடத்தில் வலியை உணரும் நரம்புகள் கிடையாது. அதனால் வலியே இல்லாமல், பளிச்சென்ற சிவப்பில் ரத்தம் சொட்டும்.

மலம் போகும்போது பிளேடால் கீறியது போல வலித்து, அப்புறமும் மணிக்கணக்கில் எரிகிறதா? அது பெரும்பாலும் ஆசனவாய்த் தோலில் விழும் வெடிப்பு. பக்கத்தில் சின்ன துவாரம் வழியாகச் சீழ் கசிந்து உள்ளாடையில் கறை படிந்தால் பவுத்திரமாக இருக்கலாம். திடீரென்று ஆசனவாய் ஓரத்தில் திராட்சை போல நீலக் கட்டி கிளம்பி, உட்காரவே முடியாத வலி என்றால் வெளிமூலத்தில் ரத்தம் உறைந்திருக்கலாம். முதல் மூன்று நாளுக்குள் போனால் டாக்டர் அதை எடுத்துவிட வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே வற்றும். இவை ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. ஒரே ஆயின்மென்ட் எல்லாவற்றையும் ஆற்றாது.

அடுத்தது, "உடம்பு சூடு" என்று தள்ளிப்போடுவது. மோரும் இளநீரும் குடிப்பதில் கெடுதல் இல்லை. அதை நம்பி ஆறு மாதம் ஓட்டுவதுதான் கெடுதல். மலக்குடல் புற்றுநோயிலும் இதே போல ரத்தம் வரும். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோய் வராது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். மலம் போகும் பழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தால், போன பிறகும் பாக்கி இருப்பது போலவே தோன்றினால், எடை குறைந்தால், ரத்தசோகை என்று பரிசோதனையில் வந்தால் சும்மா இருக்கக் கூடாது. 45 வயதைத் தாண்டியவர்களும், குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்தவர்களும் முதல் முறை ரத்தம் கண்டதுமே டாக்டரிடம் போவது நல்லது. பெருங்குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலோனோஸ்கோபி தேவையா என்று அவர் சொல்வார்.

தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக, நாற்றத்தோடு மலம் போனால் அது மூலமே இல்லை. பெரும்பாலும் இரைப்பையிலோ சிறுகுடல் தொடக்கத்திலோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.) கட்டி கட்டியாக ரத்தம் போய்த் தலை சுற்றினாலும், காய்ச்சலோடு விண் விண்ணென்று தெறித்தாலும், வெளியே வந்த சதை உள்ளே போகாமல் வலித்தாலும் காத்திருக்க நேரமில்லை.

பரிசோதனையை நினைத்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். கையுறை போட்ட விரலில் ஜெல் தடவிப் பார்ப்பார்கள், பிறகு கட்டைவிரல் பருமனில் ஒரு சின்னக் குழாய். கூச்சமாக இருக்கும், ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண்கள் பெண் டாக்டரைக் கேட்கலாம், இல்லாவிட்டால் நர்ஸ் ஒருவர் கூட இருக்கட்டும் என்று சொல்லலாம்.

பேருந்து நிலையச் சுவரில் "ஆபரேஷன் இல்லாமல் ஒரே ஊசியில் மூலம் குணம்" என்று ஒட்டியிருக்கும் போஸ்டரை நம்பிப் போவதுதான் எனக்கு ரொம்பப் பயமான தவறு. உள்மூலத்துக்கு ஊசி உண்டு, பொய்யில்லை. ஆனால் என்ன மருந்து, எந்த இடத்தில் என்று தெரியாதவர் கையில் அது சீழ்க்கட்டியாகவும் புண்ணாகவும் முடியலாம். முறையாகப் பார்த்தால் ஆரம்ப நிலை மூலம் பலருக்கு உணவிலேயே அடங்கிவிடும். அதற்கடுத்து, மூலத்தின் அடியில் ரப்பர் வளையம் மாட்டி உதிர வைக்கும் முறை இருக்கிறது. அறுவை சிகிச்சை வரை போகிறவர்கள் குறைவுதான்.

வீட்டில் செய்யும் தவறுகளில் முதலாவது, போனோடு கழிப்பறையில் உட்காருவது. வந்தால் போங்கள், வராவிட்டால் எழுந்துவிடுங்கள். இன்னொன்று, தண்ணீர் குடித்தால் மட்டும் போதும் என்று நினைப்பது. ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். 100 கிராம் வெள்ளைச் சோற்றில் ஒரு கிராம்கூடத் தேறாது, அதே அளவு கொய்யாவில் சுமார் 5 கிராம் உண்டு. வேகவைத்த கொண்டைக்கடலை இன்னும் மேல். நார்ச்சத்துக்காக இசப்கோல் உமி சாப்பிடுகிறவர்கள் தண்ணீரைக் குறைத்தால் அதுவே மலத்தை அடைத்துக்கொள்ளும். ஸ்டீராய்டு கலந்த ஆயின்மென்டை டாக்டர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் தடவாதீர்கள், தோல் மெலிந்துவிடும். இதயத்துக்காக ஆஸ்பிரின் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தத்தைப் பார்த்துப் பயந்து அதைத் தாமாக நிறுத்துவது இன்னும் மோசம்.

டாக்டரிடம் போகும் முன் நாலு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை நாளாக, என்ன நிறம், வலி உண்டா, ரத்தம் மலத்தோடு கலந்து வருகிறதா தனியாகச் சொட்டுகிறதா. அரசு மருத்துவமனை என்றால் பொது அறுவை சிகிச்சை புறநோயாளர் பிரிவுக்குச் சீட்டு கேளுங்கள். சீட்டு கொடுக்கும் இடத்தில் அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை.