கதைக்குப் பின் கேள்வித்தாள் வேண்டாம்: பிள்ளைகளின் வாசிப்பில் பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலம் புதிய பேருந்து நிலையத்தின் அருகே நடைபெறும் புத்தகத் திருவிழாவில், சிறுவர் நூல்கள் அடுக்கப்பட்ட அரங்கின் முன் சிறிது நேரம் நின்று கவனித்தால், ஒரே காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படும். குழந்தை ஒரு படக்கதையையோ பேய்க்கதையையோ எடுத்து ஆவலோடு புரட்டும். உடன் வந்தவர் அதைக் கையிலிருந்து வாங்கி, விலையைப் பார்த்து, "இதுல என்ன இருக்குது?" என்று கேட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார். பில் போடும்போது பையில் இருப்பவை பொது அறிவு வினா விடை, ஆங்கிலம் பேசக் கற்றுத்தரும் நூல், கையெழுத்துப் பயிற்சி ஏடு ஆகியவையே. வீடு திரும்பியபின் அவை தொடுவாரற்றுக் கிடக்க, "எவ்வளவு வாங்கிக் கொடுத்தாலும் புத்தகத்தைத் தொடுவதே இல்லை" என்ற குறை மட்டும் மிஞ்சும்.

இது அக்கறைக் குறைவால் நடப்பதன்று. பிள்ளை முன்னேற வேண்டும் என்ற கவலை மிகுந்த வீடுகளில்தான் இது அதிகம் நடக்கிறது. பள்ளி, அதன்பின் டியூஷன், அதன்பின் வீட்டுப்பாடம் என்று நாள் முழுவதும் கணக்குப் பார்க்கப்படும் குழந்தையிடம், கதைப் புத்தகத்தையும் இன்னொரு பாடமாகக் கொண்டுபோய் நீட்டுவதே பெற்றோர் செய்யும் மூலத் தவறு என்பது என் கருத்து. கீழே சொல்லப்படுபவற்றில் பெரும்பாலானவை அதிலிருந்து கிளைப்பவையே.

பயனைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது

சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலின் தந்தை எனப் போற்றப்படும் எஸ். ஆர். ரங்கநாதன், 1931ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும் என்பது. அந்த வாசகருக்கு ஏழு வயதுதான் ஆகிறது என்பதற்காக அவருக்குரிய நூலை வேறொருவர் முடிவு செய்யலாம் என்று அந்த விதி சொல்லவில்லை. எல்லை வகுப்பது பெற்றோரின் பொறுப்பு; வயதுக்கு ஒவ்வாததைத் தள்ளிவைக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் அந்த எல்லைக்குள் எதை எடுப்பது என்பது குழந்தையின் விருப்பமாக இருக்க வேண்டும்.

படக்கதைகளை இழிவாகப் பார்ப்பது இந்தத் தவறின் ஒரு வடிவம். முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கியது 1972இல். பாடப்புத்தகத்துக்குள் ஒளித்துவைத்து அவற்றைப் படித்து வளர்ந்த தலைமுறையிலிருந்துதான் இன்றைய தீவிர வாசகர்கள் பலர் வந்தார்கள் என்பதை, வேடிக்கை என்னவென்றால், அந்தத் தலைமுறையே மறந்துவிட்டது. ஒரே புத்தகத்தைப் பத்தாவது முறையாக எடுப்பதைக் கண்டு அலுத்துக்கொள்வதும் தேவையற்றது. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதால்தான் குழந்தையால் அந்தப் பக்கத்தைத் தடுமாறாமல் வாசிக்க முடிகிறது, வாசிப்பு வேகம் பிடிப்பது அப்படித்தான். பாதியில் மூடிவைத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவோர், தாங்கள் பாதியில் விட்ட நாவல்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

குழந்தையின் உலகத்துக்கும் நூலுக்கும் ஏதேனும் ஒரு தொடர்பு இருப்பது தொடக்கத்தில் பெரிதும் உதவும். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை ஒட்டி வாழும் குழந்தைக்குச் சவுக்கு மரத்தையும் மிளகுக் கொடியையும் காட்டெருமையையும் நேரில் தெரியும். பறவைகளையும் விலங்குகளையும் பற்றிய எளிய படநூல், அக்குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றை எழுத்தில் அடையாளம் காணும் மகிழ்ச்சியைத் தரும். சேலம் நகரின் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் ஓசையில் வளரும் குழந்தைக்கு அது வேறொன்றாக இருக்கும். எதுவென்று கண்டுபிடிக்கச் சிறந்த வழி, கையில் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பது.

வாசித்து முடித்ததும் தேர்வு வைப்பது

"ஏன் கண்ணு, இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்ற கேள்வி பாசத்தோடுதான் கேட்கப்படுகிறது. எனினும் ஒவ்வொரு கதையின் முடிவிலும் அது காத்திருக்கிறது என்பதைக் குழந்தை இரண்டே வாரத்தில் புரிந்துகொள்ளும். அதன்பின் கதையில் வரும் குரங்கின் சேட்டையை ரசிப்பதற்குப் பதிலாக, அம்மா எதிர்பார்க்கும் நீதி எந்த வரியில் இருக்கிறது என்று தேடத் தொடங்கும். கடினச் சொற்களை நோட்டில் எழுதி வரச் சொல்வது, கதைச்சுருக்கம் கேட்பது, உறவினர் வந்திருக்கும்போது நடுக்கூடத்தில் நிறுத்தி உரக்க வாசிக்கச் சொல்வது ஆகியவையும் இதே வகையைச் சேர்ந்தவை.

உச்சரிப்பைத் திருத்துவதில் தனிக் கவனம் வேண்டும். ழகரம் பிசகும் ஒவ்வோர் இடத்திலும் குறுக்கிட்டால் கதையின் இழை அறுந்துபோகும். தவறாக வாசித்த சொல் பொருளை மாற்றவில்லையென்றால் விட்டுவிடலாம். குழந்தை தடுமாறி நின்றால் சில நொடிகள் பொறுத்துப் பார்த்து, பின் அந்தச் சொல்லைச் சொல்லிக் கொடுத்து நகர்ந்துவிடலாம். திருத்தமாக வாசிக்கப் பழக்கும் வேலையைப் பாடநூலோடு வைத்துக்கொள்வது நல்லது.

பேசவே கூடாது என்பது இதன் பொருளன்று. "அந்த நரி செய்தது எனக்குப் பிடிக்கவே இல்லை" என்று பெரியவர் தன் எண்ணத்தை முதலில் சொன்னால், குழந்தை மறுத்தோ ஒப்புக்கொண்டோ தானாகவே பேசும். சில நாள் பேசாமல் எழுந்து விளையாடப் போகும். அதுவும் சரியே.

பரிசும் தண்டனையும்

பத்துப் புத்தகம் படித்தால் சைக்கிள், ஒரு புத்தகம் படித்தால் அரை மணி நேரம் செல்பேசி என்ற பேரங்கள் இன்று மிகச் சாதாரணமாகிவிட்டன. அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக வளாக மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகிய மூவர் செய்து 1973இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. படம் வரைவதை இயல்பாகவே விரும்பிய குழந்தைகளுள் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டது. மற்றொரு பிரிவினருக்கு எதிர்பாராமல் தரப்பட்டது. மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் தரப்படவில்லை. சில நாட்களுக்குப் பின் ஓய்வு நேரத்தில் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்களே மற்றவர்களைவிடக் குறைந்த நேரம் வரைந்தார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆர்வம் அவ்வாறு குறையவில்லை. ஆய்வு ஓவியத்தைப் பற்றியதே என்றாலும், செல்பேசியை அடைவதற்காகக் கடக்க வேண்டிய சுங்கச்சாவடியாகப் புத்தகத்தை நிறுத்தும் பெற்றோர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். சேட்டை செய்ததற்குத் தண்டனையாக, "போய் ஒரு மூலையில் உட்கார்ந்து புத்தகம் படி" என்பது அதைவிட மோசம். பெரியப்பா மகள் எத்தனை புத்தகம் படித்தாள் என்ற ஒப்பீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுத்துத் தெரிந்ததும் தனியே விட்டுவிடுவது

என் மதிப்பீட்டில் மிக அதிகமாக நடப்பதும் மிகக் குறைவாக உணரப்படுவதும் இந்தத் தவறுதான். குழந்தை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கியதும், "இனி நீயே படி" என்று சொல்லி, அதுவரை வாசித்துக் காட்டிய பெரியவர் விலகிக்கொள்கிறார். தமிழில் இந்த விலகல் சற்றுக் கூடுதலாகவே பாதிக்கும் என்பதற்குக் காரணங்கள் உண்டு.

முதலாவது, எழுத்தும் ஒலியும் சார்ந்தது. ஆய்தத்தோடு சேர்த்து 247 எழுத்துகள் என்று கணக்குச் சொல்லிப் பயமுறுத்தத் தேவையில்லை. அவற்றுள் உயிர்மெய் 216ம் ஓர் ஒழுங்கிலிருந்து பிறப்பவையே. ஆனால் 'கொ' என்று எழுதும்போது, மெய்க்குப் பின் ஒலிக்கும் உயிரின் குறி மெய்க்கு முன்னும் பின்னுமாக நிற்கிறது. 'கல்', 'தங்கம்', 'பகல்' ஆகிய மூன்று சொற்களிலும் ககரம் ஒன்றே, ஒலி மூன்று. எந்த இடத்தில் எந்த ஒலி என்பதைக் குழந்தை இலக்கணம் கற்று அறிவதில்லை. அந்தச் சொல்லை முன்பே காதால் கேட்டிருப்பதால் அறிகிறது. கேட்டிராத சொல்லை எழுத்துக்கூட்டி முடித்தாலும் அது வெறும் ஓசையாகவே நின்றுவிடும்.

இரண்டாவது, பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள இடைவெளி. 'வூட்டுக்குப் போறான்' என்று நாள்தோறும் கேட்கும் குழந்தை, புத்தகத்தில் 'வீட்டிற்குச் செல்கிறான்' என்பதைச் சந்திக்கிறது. 'கூப்புட்டுக்கிட்டு' என்பது அங்கே 'அழைத்துக்கொண்டு' ஆகிறது. இந்த எழுத்துத் தமிழைக் குழந்தை முதலில் காதால் பழகியிருக்க வேண்டும். மூன்று வயதில் கதையைப் பேச்சு வழக்கிலேயே சொல்லலாம். ஐந்து வயதை நெருங்கும்போது அச்சில் உள்ளபடியே வாசித்துக் காட்டி, விளங்காத இடத்தில் மட்டும் பேச்சில் சொல்லி நகர்வது பயன் தரும் என்று கருதுகிறேன்.

வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனும் ஒன்றோடொன்று பெருக்கப்பட்டு வரும் விடை என்று கஃப், டன்மர் ஆகிய ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்தார்கள். பெருக்கல் என்பதால் இரண்டில் ஒன்று சுழியானாலும் விடை சுழிதான். வீட்டில் முழுக்கத் தமிழ் பேசிவிட்டு, வாங்கும் கதைப் புத்தகம் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்போர் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு அங்கே எழுத்தும் புதிது, சொல்லும் புதிது. ஆங்கிலப் புத்தகம் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதோடு தமிழும் இருக்கட்டும்.

சேலத்தின் அம்மாப்பேட்டை போன்ற நெசவாளர் பகுதிகளில் சௌராட்டிரமோ தெலுங்கோ கன்னடமோ வீட்டு மொழியாக இருக்கும் குடும்பங்கள் பல. "நமக்கே தமிழ் எழுத்துச் சரளமாக வராது, நாம் எப்படி வாசித்துக் காட்டுவது?" என்று ஒதுங்கும் பெற்றோரும், பள்ளிக்கே போகாத பாட்டிமாரும் தங்களுக்கு இதில் பங்கில்லை என்று எண்ணுவது இன்னொரு பிழை. எந்த மொழியில் சொல்லப்பட்டாலும், கதை எப்படித் தொடங்கி எப்படி முடிச்சு விழுந்து அவிழ்கிறது என்ற அறிவு குழந்தைக்குச் சேர்கிறது. படத்தைப் பார்த்துத் தாமே கதை புனைந்து சொல்லலாம். பேத்தி வாசிக்கப் பாட்டி கேட்கலாம். திருத்தத் தெரியாத பாட்டியைப் போல நல்ல கேட்பாளர் ஒரு சிறு வாசகிக்குக் கிடைப்பதரிது.

தொடக்கப் பள்ளிப் பருவம் முழுவதும், குழந்தை தானாக வாசிக்கக்கூடியதைவிடக் கடினமான கதையைக் கேட்டு ரசிக்கும். ஆகவே நான்காம் ஐந்தாம் வகுப்பு வரையிலும் உறங்கும் முன் கால் மணி நேரம் வாசித்துக் காட்டுவது தகும். நீங்கள் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பத்தி என்று பகிர்ந்துகொள்ளலாம்.

புத்தகம் எட்டாத இடத்தில் இருப்பது

வாங்கிய நூல்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைப்பது, தாம் செல்பேசியில் மூழ்கிக்கொண்டு பிள்ளையைப் படிக்கச் சொல்வது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த தவறுகள், தெரிந்தும் தொடர்பவை.

அதிகம் பேசப்படாதது நூலகத்தைப் பற்றிய தயக்கம். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் நம்மிடமிருந்து வசூலிக்கப்படுகிறது. அப்படியிருந்தும், மாவட்ட மைய நூலகமும் கிளை நூலகங்களும் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்களுக்கு மட்டுமானவை என்றே பல பெற்றோர் எண்ணுகிறார்கள். சிறு வைப்புத்தொகையில் உறுப்பினராகிப் பிள்ளையைக் கூட்டிச் சென்று, தன் கையால் புத்தகம் எடுக்கவும் திருப்பித் தரவும் பழக்கினால், பிடிக்காத புத்தகத்துக்குக் காசு வீண் என்ற கவலையே எழாது. அரசுப் பள்ளி மாணவர்களுக்காகப் பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் வெளியிட்டுவரும் 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்கள் வகுப்பிலிருந்து வீட்டுக்கு வருகின்றனவா என்று கேட்டுப் பார்க்கலாம்.

மலைக் கிராமங்களில் நூலகம் தொலைவு என்பது உண்மையான தடை. சிறுவர் நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வரும்போது பதிவிறக்கி வைத்துக்கொண்டால் எஸ்டேட் குடியிருப்பிலும் வாசிக்கலாம். புத்தகமே இல்லாத நேரத்திலும் வாசிக்க எழுத்து உண்டு. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் பேருந்தில் சன்னலோரம் அமர்ந்த குழந்தைக்கு, இருபது கொண்டை ஊசி வளைவுகளின் எண் பலகைகளும் கடைப் பெயர்களும் எச்சரிக்கை வாசகங்களும் நல்ல விளையாட்டு.

இயலாமையைச் சோம்பல் என்று எண்ணுவது

இதுவரை சொன்னவை, வாசிக்க முடிந்தும் வாசிக்க விரும்பாத குழந்தையைப் பற்றியவை. எட்டு வயது கடந்தும் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித் தவிப்பது, நேற்று வாசித்த சொல்லே இன்று புதிதாகத் தெரிவது, வாய்மொழியாகத் தெளிவாகச் சொல்பவற்றை எழுத்தில் கண்டதும் திணறுவது, புத்தகத்தை எடுத்தாலே தலைவலி என்பது ஆகியவை தொடர்ந்து காணப்பட்டால், அதட்டுவதும் கூடுதல் டியூஷனில் சேர்ப்பதும் நிலைமையை மோசமாக்கும். முதலில் கண் பரிசோதனை செய்ய வேண்டும். பார்வைக் குறை பெரும்பாலும் கண்ணாடியோடு தீர்ந்துவிடும். பார்வையில் குறையில்லையென்றால் வகுப்பாசிரியரிடம் பேசி, குழந்தைகள் நல மருத்துவரின் வழிகாட்டுதலோடு கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு செய்துகொள்ள வேண்டும். அறிவுக்கூர்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், வாசித்தல், எழுதுதல் போன்றவற்றில் திணறலைத் தரும் இந்தக் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டையும்' அங்கீகரிக்கிறது. உரிய சான்று இருந்தால் பொதுத் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கோரலாம். பத்தாம் வகுப்பு வரும்வரை காத்திராமல் தொடக்கப் பள்ளியிலேயே கண்டறிந்தால் சிறப்புப் பயிற்சிக்குக் காலம் கிடைக்கும். அந்தப் பயிற்சி நடக்கும் மாதங்களிலும் வீட்டில் கதை வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடக் கூடாது. கண்ணால் வாசிக்கத் திணறும் பிள்ளைக்கு, தன் வயதுக்கேற்ற கதைகள் காது வழியாகவாவது வந்துகொண்டிருக்க வேண்டும்.